உறுதிமொழியா, தலைவரா?

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட போலந்தில் ராணுவ அதிகாரிக்கு உயிரைவிட மானம் பெரிது. படைக்கொடிகளில் ‘மானமும் தாயகமும்’ என்றே பொறித்திருந்தார்கள். அவமதிக்கப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் பரிகாரம் கேட்டாக வேண்டும் என்றது 1919இல் வெளியான போஸெவிச்சின் மான விதிநூல். கல்யாணத்துக்கும் மேலதிகாரியின் அனுமதி தேவை. இவ்வளவு நுணுக்கமாக விதித்தவர்கள், இரண்டு கடமைகள் மோதினால் எதைக் கைவிடுவது என்று மட்டும் சொல்லித்தரவில்லை.

1926 மே 12 அன்று அந்த மோதல் வந்தது. நாட்டின் விடுதலைக்குப் படை திரட்டிய பில்சுட்ஸ்கி, அரசைக் கவிழ்க்க வார்சாவுக்குப் படையோடு வந்தார். சட்டப்படியான ஜனாதிபதி வோய்ச்சிகோவ்ஸ்கி நகரின் பாலம் ஒன்றில் அவரை நேருக்கு நேர் சந்தித்துத் திரும்பிப் போகச் சொன்னார். பலிக்கவில்லை. மூன்று நாள் சண்டையில் 300 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கர்னல் ஆண்டர்ஸுக்குக் குழப்பமே இல்லை. ரஷ்யப் பேரரசின் ராணுவத்தில் வளர்ந்த குதிரைப்படை வீரர் அவர். பில்சுட்ஸ்கியின் பழைய தோழர் அல்ல. குடியரசுக்கு உறுதிமொழி கொடுத்தார், அரசுப் படைகளின் தலைமையகத்தை நடத்தினார், தோற்றார். வென்றவரோ அவரைத் தண்டிக்கவில்லை. 1934இல் ஜெனரலாகவே ஆக்கினார்.

போஸ்னானில் இருந்த ஜெனரல் சோஸ்ன்கோவ்ஸ்கியின் நிலை அப்படியல்ல. பில்சுட்ஸ்கியின் வலக்கையாக இருந்தவர். ஜெர்மனியின் மக்டெபர்க் கோட்டையில் அவரோடு சிறையிருந்து, 1918 நவம்பரில் அவரோடே ஊர் திரும்பியவர். இப்போது அவர் பொறுப்பிலிருந்த வட்டாரத்தின் படைகளை அரசு உதவிக்கு அழைத்தது. தலைவரைச் சுடவும் முடியாது, உறுதிமொழியை மீறவும் முடியாது. மே 13 அன்று தன் மார்பிலேயே சுட்டுக்கொண்டார். பிழைத்தார். போஸ்னான் படைகள் அரசின் பக்கமே போயின.

ஆண்டர்ஸ் செய்ததுதான் சரி என்பேன். அதிகாரியின் உறுதிமொழி அவர் மனப்போராட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. கட்டளைக்காகக் காத்திருக்கும் சிப்பாய்களுக்குப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். ஆனாலும் அந்த ராணுவத்தை அறிய விரும்புகிறவர் சோஸ்ன்கோவ்ஸ்கியின் காயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தனிமனிதப் பற்றையும் அரசுப் பற்றையும் ஒரே கயிற்றில் முறுக்கியிருந்தார்கள். அது அவர் நெஞ்சில் அறுந்தது.

இரண்டாம் உலகப் போரில், 1944இல், இருவரும் இடம் மாறி நின்றார்கள். இத்தாலியின் மோன்டே காசினோவைத் தாக்கும்படி ஆங்கிலேயத் தளபதி கேட்டபோது, போலந்துப் படைகளின் தலைமைத் தளபதியான சோஸ்ன்கோவ்ஸ்கியைக் கலக்காமலே ஆண்டர்ஸ் ஒப்புக்கொண்டார். கட்டளை வரிசையை மீறியதற்காக அவரைக் கண்டித்தவர் சோஸ்ன்கோவ்ஸ்கி.