இணையச் சான்றிதழ் முறை

இணையச் சான்றிதழ் என்பது, ஓர் இணையதளத்தின் முகவரியையும் அத்தளத்தை நடத்துபவரிடம் உள்ள மறைகுறியீட்டுத் திறவியையும் பிணைத்து, உலாவிகள் நம்பும் ஒரு மூன்றாம் தரப்பு கையொப்பமிட்டு வழங்கும் சிறிய மின்கோப்பாகும். வங்கிக் கணக்கைத் திறப்பது, மின்னஞ்சல் பார்ப்பது, மருத்துவமனையின் பரிசோதனை முடிவைத் தரவிறக்குவது என எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறை வழியாக நடக்கும் எல்லாத் தொடர்புகளும் இக்கோப்பைச் சரிபார்த்த பின்னரே தொடர்கின்றன. ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் பயனர் அறியாமலேயே இச்சோதனை முடிந்துவிடுவதால், இம்முறை யார்மீது வைத்த நம்பிக்கையில் இயங்குகிறது என்ற கேள்வி அந்த நம்பிக்கை முறிந்த வேளைகளில் மட்டுமே பொதுவெளியில் எழுந்துள்ளது.

இதன் வேர் 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட பொதுத் திறவிக் கோட்பாட்டில் உள்ளது. ஒவ்வொருவரும் ஊரறிய வெளியிடும் பொதுத் திறவி ஒன்றையும் தம்மிடம் மட்டுமே வைத்துக்கொள்ளும் தனித் திறவி ஒன்றையும் கொண்டிருந்தால், முன்பின் அறியாத இருவரும் இரகசியமாக உரையாட முடியும் என்பதே அதன் சாரம். ஆனால், வெளியிடப்பட்ட திறவி உண்மையில் யாருடையது என்பதை அக்கோட்பாடு சொல்லவில்லை. நடுவில் புகுந்த ஒருவர் தம் திறவியை வங்கியின் திறவி என்று நீட்டினால், வாடிக்கையாளர் தம் கடவுச்சொல்லைத் திருடனிடமே பத்திரமாகக் குறியாக்கம் செய்து கொடுத்தவராகிவிடுவார். இக்குறையைத் தீர்க்க, பெயரையும் திறவியையும் இணைத்து நம்பகமான ஒருவர் கையொப்பமிடும் சான்றிதழ் என்ற எண்ணத்தை 1978இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் லோரன் கோன்ஃபெல்டர் தம் இளநிலைப் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்தார். பத்தாண்டுகள் கழித்து எக்ஸ்.509 என்ற பன்னாட்டுத் தரம் அதற்கு வடிவம் தந்தது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியில் எஸ்.எஸ்.எல். என்ற குறியாக்க நெறிமுறையைச் சேர்த்தபோது சான்றிதழ் பொதுமக்களின் கணினிக்கு வந்தது. அதன் வழித்தோன்றலான டி.எல்.எஸ்., 2018இல் வெளியான 1.3ஆம் பதிப்பு வரை வளர்ந்துள்ளது.

உலாவி ஒரு தளத்தைத் தொடர்புகொண்டதும், அத்தளத்தின் வழங்கி தன் சான்றிதழை அனுப்புகிறது. அதில் தளத்தின் முகவரி, பொதுத் திறவி, செல்லுபடியாகும் காலத்தின் தொடக்கமும் முடிவும், வழங்கிய நிறுவனத்தின் பெயர், அந்நிறுவனத்தின் மின்கையொப்பம் ஆகியவை இருக்கும். உலாவி முகவரியையும் தேதியையும் ஒப்பிட்டபின், கையொப்பம் இட்டவர் யார், அவருக்குச் சான்றளித்தவர் யார் என்று படிப்படியாக மேலேறி, தன்னிடம் ஏற்கெனவே உள்ள மூலச் சான்றிதழ் ஒன்றை எட்டுகிறதா என்று பார்க்கிறது. மூலச் சான்றிதழ்களின் பட்டியலை மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், மொசில்லா, கூகுள் ஆகியவை தத்தம் மென்பொருளுடன் சேர்த்தே வழங்குகின்றன. சங்கிலி சரியாக இருந்து, சான்றிதழுக்குரிய தனித் திறவி தன்னிடம் இருப்பதை வழங்கியும் மெய்ப்பித்தால், இரு தரப்பும் அந்த ஓர் உரையாடலுக்கு மட்டும் உரிய தற்காலிகத் திறவியை உருவாக்கிக்கொள்கின்றன. உரையாடல் முடிந்ததும் அது அழிக்கப்படுவதால், இன்றைய போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருப்பவர் நாளை வழங்கியின் தனித் திறவியைத் திருடினாலும் பழைய செய்திகளைப் படிக்க இயலாது.

இக்கட்டமைப்பின் பெருங்குறை, பட்டியலில் இடம்பெற்ற எந்தச் சான்றளிப்பு நிறுவனமும் உலகின் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் வழங்க முடியும் என்பதாகும். எனவே, முழு இணையத்தின் பாதுகாப்பும் அவற்றுள் மிக அலட்சியமான நிறுவனத்தின் அளவுக்கே இருந்தது. நெதர்லாந்தின் பெவர்வைக் நகரில் இயங்கிய டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனம் இதைக் கண்கூடாகக் காட்டியது. 2011 ஜூலை 10 அன்று, அதன் கணினிகளுக்குள் ஊடுருவியிருந்த ஒருவர், கூகுளின் எல்லாத் துணைத்தளங்களுக்கும் பொருந்தும் போலிச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கினார். ஊடுருவலை ஜூலை 19 அன்று கண்டறிந்த நிறுவனம், தெரிந்த சில சான்றிதழ்களை மட்டும் இரத்துசெய்துவிட்டு வாய்மூடி இருந்தது. கூகுளின் குரோம் உலாவி தன் சொந்தத் தளங்களுக்கு எந்தத் திறவிகள் உரியவை என்பதைத் தனியே நினைவில் வைத்திருந்ததால், ஈரானியப் பயனர் ஒருவருக்கு ஆகஸ்ட் இறுதியில் எச்சரிக்கை தோன்ற, அவர் அதை வெளியிட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. நெதர்லாந்து அரசு அமர்த்திய ஃபாக்ஸ்-ஐடி நிறுவனத்தின் ஆய்வில், வழங்கிகளில் வைரஸ் தடுப்பு மென்பொருள் இல்லை, கடவுச்சொல் எளிதில் உடைக்கத்தக்கது, சான்றிதழ் வழங்கும் கணினிகள் அனைத்தும் ஒரே விண்டோஸ் வலையமைப்பில் பிணைக்கப்பட்டிருந்தன என்பவை தெரியவந்தன. மொத்தம் 531 போலிச் சான்றிதழ்கள் உருவாக்கப்பட்டிருந்தன; கூகுள் பெயரிலான சான்றிதழைச் சந்தித்த ஏறத்தாழ 3 லட்சம் இணைய முகவரிகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஈரானைச் சேர்ந்தவை. உலாவிகள் பட்டியலிலிருந்து நீக்கியதால் செப்டம்பர் 20 அன்று டிஜிநோட்டார் திவாலானதாக அறிவிக்கப்பட்டது. நம்பிக்கையை மட்டுமே விற்ற நிறுவனத்துக்கு வேறு கதி இருந்திருக்க முடியாது.

இந்தியாவும் இதற்கு விலக்கன்று. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பின் கீழ், கூகுளின் சில முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது 2014 ஜூலை 2 அன்று தெரியவந்தது. அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களைச் சான்றளிப்பு நிறுவனங்களுக்கான இந்தியக் கட்டுப்பாட்டாளர் மறுநாளே இரத்துசெய்தார். இந்திய மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததால் விண்டோஸ் பயனர்கள் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களாக இருந்தனர். தனக்கென வேறு பட்டியல் வைத்திருந்த மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு அச்சிக்கல் எழவில்லை.

இத்தகைய முறைகேடுகளுக்குக் கிடைத்த விடை, இன்னும் நேர்மையான நிறுவனங்களைத் தேடுவதாக அமையவில்லை. வழங்கப்படும் சான்றிதழ் ஒவ்வொன்றையும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற திட்டத்தைக் கூகுளின் பென் லாரி, ஆடம் லாங்லி, எமிலியா கேஸ்பர் ஆகியோர் வகுக்க, அது 2013இல் வெளியானது. சேர்க்க மட்டுமே முடியும், அழிக்கவோ திருத்தவோ முயன்றால் கணித வழியில் காட்டிக்கொடுத்துவிடும் என்பது இப்பதிவேட்டின் அமைப்பு. நிலம் வாங்குபவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல், தள உரிமையாளர் தம் முகவரியின்மேல் யாரெல்லாம் சான்றிதழ் பெற்றுள்ளனர் என்று எந்நேரமும் தேடிப் பார்க்கலாம். 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்கு இப்பதிவைக் குரோம் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 2015 செப்டம்பரில், சிமான்டெக்கின் துணைப் பிரிவு கூகுள் பெயரில் அனுமதியின்றி உருவாக்கிய சான்றிதழை இப்பதிவேடு பிடித்துக் கொடுத்தது. அதையடுத்து வெளிப்பட்ட முறைகேடுகளால், துறையின் முன்னணி நிறுவனமாக விளங்கிய சிமான்டெக் தன் சான்றிதழ் வணிகத்தையே 2017இல் டிஜிசெர்ட்டுக்கு விற்க நேர்ந்தது. இந்த வெளிப்படைத்தன்மைக்கு ஒரு விலையும் உண்டு: அலுவலகத்தின் உட்பயன்பாட்டுக்கென வைத்த வழங்கியின் பெயர்கூடச் சான்றிதழ் பெற்ற கணமே உலகறிந்ததாகிவிடுகிறது.

மற்றொரு தடை பணம். கட்டணமும் நடைமுறைச் சிரமமும் காரணமாகச் சிறு தளங்கள் பலவும் குறியாக்கமின்றியே இயங்கின. பெருந்திரள் கண்காணிப்பு குறித்து 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பின் இது பொதுப் பிரச்சினையாயிற்று. மொசில்லா, மின்னணு எல்லை அறக்கட்டளை, மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தோர் முன்னெடுத்த லெட்ஸ் என்கிரிப்ட், 2015 டிசம்பர் 3 முதல் எவருக்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. விண்ணப்பிக்கும் கணினியிடம் ஓர் எண்சரத்தைக் கொடுத்து, அதைத் தளத்தின் குறிப்பிட்ட இடத்தில் வைக்கச் சொல்லி, பின் வெளியிலிருந்து சென்று அது அங்கு உள்ளதா என்று பார்ப்பதே அதன் எளிய சோதனை. மனிதத் தலையீடு எதுவும் இல்லை. 2018 ஜூலை முதல் குறியாக்கமற்ற தளங்கள் அனைத்தையும் 'பாதுகாப்பற்றது' என்று குரோம் முத்திரையிட்டது இம்மாற்றத்தை மேலும் விரைவுபடுத்தியது.

லெட்ஸ் என்கிரிப்ட் செய்யும் சோதனை, முகவரி யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்பதை மட்டுமே காட்டும்; அவர் நல்லவரா என்பதைக் காட்டாது. மோசடிக்காரர் தம் போலி வங்கித் தளத்துக்கும் முறையாகவே சான்றிதழ் பெறலாம். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரைச் சரிபார்க்கும் விலையுயர்ந்த சான்றிதழ்களும் உதவவில்லை. 2017இல் ஆய்வாளர் இயன் கேரல், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பணப்பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப்பின் பெயரிலேயே வேறொரு நிறுவனத்தைப் பதிவுசெய்து, அத்தகைய சான்றிதழைப் பெற்றுக் காட்டினார். பூட்டுச் சின்னத்தை நேர்மையின் அடையாளமாக மக்கள் தவறாகக் கொண்டதால், 2023 செப்டம்பரில் குரோம் அதை முகவரிப் பட்டையிலிருந்து நீக்கியது. அந்தரங்கமும் முழுமையாகக் காக்கப்படுவதில்லை: பக்கத்தின் உள்ளடக்கம் மறைந்தாலும், எத்தளத்துடன், எப்போது, எவ்வளவு தரவு பரிமாறப்பட்டது என்பவற்றை இணையச் சேவை நிறுவனம் பொதுவாக அறிய முடியும்.

யாரை நம்புவது என்ற இறுதி முடிவு உலாவி நிறுவனங்களின் கையில் குவிந்திருப்பது இம்முறையின் தீராத விவாதம். 2019இல் கஜகஸ்தான் அரசு, தொடர்புகளை இடைமறித்துப் படிக்க வழிசெய்யும் தன் மூலச் சான்றிதழைக் குடிமக்கள் நிறுவிக்கொள்ள வேண்டும் என்று பணித்தபோது, கூகுளும் மொசில்லாவும் ஆப்பிளும் அதைத் தத்தம் உலாவிகளில் முடக்கின. அந்த முடிவு குடிமக்களுக்கு நன்மையே செய்தது; ஆயினும் ஓர் அரசின் ஆணையை மூன்று அயல்நாட்டு அமைப்புகள் செயலற்றதாக்க முடிந்ததையும் அது காட்டியது.

இடையில் பழுதான சான்றிதழை இரத்துசெய்வதே இன்னும் சரிவரத் தீராத பகுதி. ஒவ்வொரு முறையும் வழங்கிய நிறுவனத்திடம் உலாவி நேரடியாகக் கேட்டறியும் முறையில், யார் எத்தளத்தைப் பார்க்கிறார் என்பது அந்நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். டிஜிநோட்டாரால் பாதிக்கப்பட்டோரைக் கணக்கிட உதவியதும் இத்தகைய விசாரணைப் பதிவுகளே. அந்தரங்கத்தைக் காரணம் காட்டி, லெட்ஸ் என்கிரிப்ட் இச்சேவையை 2025 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. இரத்துசெய்வதை நம்புவதைவிடச் சான்றிதழின் ஆயுளைக் குறைப்பதே மேல் என்று சான்றளிப்பு நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் வாக்களித்து முடிவுசெய்தன. அதன்படி, 398 நாள்களாக இருந்த அதிகபட்சச் செல்லுபடிக் காலம் 2026 மார்ச் 15 முதல் 200 நாள்கள், 2027இல் 100 நாள்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்கள் என நிர்ணயிக்கப்பட்டுள்ளது.