சேத்துப்பட்டு லூர்து மாதா ஆலயமும் பஞ்சகால ஞானஸ்நானமும்

ஆரணிக்குத் தெற்கே, வந்தவாசியிலிருந்து போளூர் செல்லும் சாலையில் சேத்துப்பட்டு அமைந்துள்ளது. இவ்வூரில் உயர்ந்து நிற்கும் கத்தோலிக்க லூர்து மாதா ஆலயத்தைக் காண்போர், சிற்றூர் ஒன்றிற்கு இத்துணைப் பெரிய ஆலயம் ஏன் வேண்டியிருந்தது என வினவுவது இயல்பே. அவ்வினாவிற்கான விடை திருச்சபைச் சரித்திரத்தில் உள்ளது.

இயேசு சபையார் தொடங்கிய கர்நாடக மிஷனின் பொறுப்பு, அச்சபை கலைக்கப்பட்டபின், 1776இல் பாரிஸ் அந்நிய மிஷன் சங்கத்தாரிடம் வந்தது. புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட இக்குருமார் வட ஆற்காட்டுக் கிராமங்களிலும் ஊழியம் செய்தனர். சேத்துப்பட்டில் நிலைகொண்டவர் தராஸ் அடிகளார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. தென்னாடெங்கும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அக்காலத்தில் பசித்தோருக்கு உணவளித்த அடிகளாரும் அவருடைய உடன் குருமாரும் பெருந்திரளான மக்களுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தனர். அவர்களுள் மிகப் பலர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட குலத்தார்.

1858இல் பிரான்சில் எழுந்த லூர்து பக்தியைப் பிரெஞ்சுக் குருமார் இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1877இலேயே அது வேரூன்றியது. சேத்துப்பட்டு ஆலயமும் அதே பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அதன் அமைப்பு கோத்திக் மரபைச் சார்ந்தது. அரைவட்ட வளைவைக் காட்டிலும் கூர்வளைவு பாரத்தைச் செங்குத்தாகத் தூண்களுக்கு இறக்குவதால், கூரையை உயர்த்தவும், சுவர்களில் நெடிய சாளரங்கள் திறக்கவும் இயலும். ஐரோப்பாவின் பெருநகரங்களில் பேராயர்களுக்காக வளர்ந்த இக்கலை, இங்கே கூலியாட்கள் கூடுதற்குரிய இடமாயிற்று என்பதே நம் கவனத்திற்குரியது.

பஞ்சத்தில் சேர்ந்தோரை "அரிசிக் கிறிஸ்தவர்" என இகழ்வது அன்றும் இன்றும் வழக்கம். நம் புராட்டஸ்டண்டு மிஷனெரிகளும் இவ்வினாவினின்று தப்பவில்லை. ஒங்கோலில் ஊழியம் செய்த அமெரிக்க பாப்திஸ்து மிஷனெரி ஜான் கிளவ், பஞ்ச வேலையாகப் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் குத்தகையை ஏற்று மக்களுக்குப் பிழைப்பளித்தார். நிவாரணப் பணி நடந்த காலத்தில் ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்தார். பின்னர் 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். கிளவின் எச்சரிக்கை மெச்சத்தக்கது. ஆயினும் மரணத்தின் வாசலில் நிற்பவன் திருமுழுக்குக் கேட்கும்போது, பஞ்சம் தீரட்டும் எனச் சொல்லுதல் எந்தக் குருவானவருக்கும் எளிதன்று. இருவரில் ஒருவரைக் குற்றவாளியாக்க நாம் விரும்பவில்லை.

மனமாற்றத்தின் உண்மையை அது நிகழ்ந்த நாளைக் கொண்டன்று, பின்வந்த ஆண்டுகளைக் கொண்டே அளத்தல் தகும். மழை திரும்பியது, கஞ்சித் தொட்டிகள் மூடப்பட்டன. அரிசிக்காக மட்டுமே வந்தவராயின் அவர்கள் அன்றே கலைந்திருப்பர். பஞ்சம் தீர்ந்து பல்லாண்டுகள் கழிந்தபின் பேராலயம் தேவைப்பட்டதே அவர்கள் நிலைத்திருந்தமைக்குச் சான்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதியார்க்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரோ இன்றளவும் சேர்க்கப்படவில்லை. இவ்வாறு இழப்பை ஏற்றும் விசுவாசத்தை விடாத தலைமுறைகளை அரிசியின் பேரால் அழைப்பது நியாயமாகாது.

ஆனால் நம்மை நோக்கியும் ஒரு வினா எழுகிறது. பசித்து வந்தவரை ஏற்ற திருச்சபைகள், அவர்தம் பிள்ளைகளைச் சமமானவராக ஏற்றனவா? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிவாரியாகச் சபையைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைகளிலும் சபைத் தேர்தல்களிலும் அத்தகைய சுவர்கள் நம்மிடையே முற்றும் வீழ்ந்துவிட்டனவென்று நாம் சொல்ல இயலாது. சேத்துப்பட்டின் கூர்வளைவுகள் பாரத்தை எல்லாத் தூண்களுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. உயிருள்ள கற்களாகிய சபையிலும் பாரம் அவ்வாறே பகிரப்படுகிறதா என்பதை, குருத்துவப் பயிற்சி பெறும் நம் மாணவர் தாம் செல்லும் சபைகளில் முதலாவது ஆராய்வாராக.