ஐம்பது எம்.எம். பிறந்த கதை

கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் நட்டநடுப் பகலிலும் வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் அடித்தால் நாயக்கர் காலச் சிற்பங்கள் தட்டையாகிவிடும். நரம்பும் நகமும் எடுப்பாகத் தெரிவதே பக்கவாட்டு வெளிச்சத்தால்தான். அதனால்தான் அகலமாகத் திறந்து குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும் 50 எம்.எம். லென்ஸ் தேடுகிறார்கள் திருநெல்வேலிப் பிள்ளைகள். எஃப் 1.8 வாங்கவா, எஃப் 1.4 வாங்கவா (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) என்று கேட்பவர்களுக்கு அந்த லென்ஸ் பிறந்த கதையை முதலில் சொல்வேன்.

1896-ல் ஜெர்மனியின் யேனா நகரில், ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 'பிளானார்' லென்ஸை வடிவமைத்தார். நடுவில் அப்பெர்ச்சர் என்னும் ஒளித் திறப்பு, இருபுறமும் எதிரெதிராக மும்மூன்று கண்ணாடிகள், அவற்றில் இரண்டிரண்டு ஒன்றாக ஒட்டியவை. அருமையான அமைப்பு. ஆனால் கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் பரப்புகள் எட்டு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஒளி திரும்பிவிடும். எட்டையும் தாண்டுவதற்குள் கால்வாசிக்கு மேல் காலி. திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறடித்தது.

1925-ல் லைக்கா கேமரா வந்து 50 எம்.எம்.-ஐ வழக்கமாக்கியது. அதன் லென்ஸ் எஃப் 3.5 தான். 1932-ல் அதே ஸைஸின் லுட்விக் பெர்ட்டெலே, ஏழு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டி, பரப்புகளை ஆறாகக் குறைத்து, எஃப் 1.5 'சோனார்' செய்தார். 1935-ல் அங்கேயே அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்ணாடிமேல் மெல்லிய பூச்சு பூசினார். பூச்சின் மேற்பரப்பில் திரும்பும் ஒளியும் அடியில் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ருடால்ஃபின் அமைப்புக்கு உயிர் வந்தது அந்தப் பூச்சால்தான். கேனானின் விலை குறைந்த 50 எம்.எம். 1.8 உட்பட நாம் கடையில் பார்க்கும் பெரும்பாலானவை அந்த வம்சம்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். 1.8-ஐவிட 1.4-ல் ஒளி 65 சதவீதம்போல் அதிகம். 1.8-க்கு ஐ.எஸ்.ஓ. 2500 என்றால் இதற்கு 1600 போதும். இன்றைய கேமராவில் பெரிய வித்தியாசமில்லை. ஃபுல் ஃபிரேமில் ஒரு மீட்டர் தூரத்தில் 1.4-க்கு மூன்று சென்டிமீட்டர்தான் தெளிவு, 1.8-க்கு நாலு. கிருஷ்ணாபுரத்துக் கர்ணன் சிலையின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கையிலுள்ள நாகாஸ்திரம் இரண்டிலும் மங்கும். எப்படியும் திறப்பை எஃப் 5.6 வரை குறைக்கத்தான் வேண்டும். ஆகவே சிற்பத்துக்கு 1.8 தாராளம். குறுக்குத்துறை முருகன் கோயில் விடியல் முகூர்த்தங்களை நம்பிப் பிழைப்பவர் மட்டும், அசையும் முகத்துக்கு ஷட்டரை 1/125-க்குக் கீழே இறக்க முடியாது என்பதால், கூடுதல் காசு கொடுத்து 1.4 வாங்கலாம்.