பழையனூர் நீலியின் கண்ணீர்

பெயரிலேயே காட்டை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் காட்டுப்பாக்கம். போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையில், இன்று காடென்று சுட்டிக்காட்ட ஏதுமின்றி, வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கும் சென்னைப் புறநகர் அது. இத்தகைய புறநகர்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய கொண்டாட்டம் தலைகாட்டியிருக்கிறது. அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் பிள்ளைகள் எலும்புக்கூடு வரைந்த கறுப்புச் சட்டை அணிந்து, முகத்தில் மாவும் மையும் பூசி, வீடுவீடாக மிட்டாய் கேட்டுச் செல்கின்றனர். ஆண்டு முழுவதும் பேய்ப்படம் பார்த்துப் பேய்க்கதை படித்துத் திரியும் இளைஞர்க்கு அந்த 'ஹாலோவீன்' மாலை தீபாவளிக்கு ஒப்பான திருநாள். பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கின்றனர். இந்த அயல்நாட்டுக் கூத்து எதற்கு என்கின்றனர். கூத்து அயல்நாட்டது என்பதில் ஐயமில்லை. பேயின் மேல் கொண்ட ஆசையும் அயல்நாட்டது என்றால்தான் தமிழ் இலக்கியம் இடைமறிக்கும்.

அந்த விழாவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை 'சாவின்' என்று கொண்டாடினர். அன்றிரவு இறந்தோர் உலகின் கதவு திறந்திருக்கும் என்று நம்பினர். கிறித்துவம் பரவியபின் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாளாகவும், நவம்பர் 2 இறந்தோர் அனைவரையும் நினைக்கும் நாளாகவும் அமைந்தன. முதல் நாளின் முன்னிரவே ஹாலோவீன். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், அமெரிக்காவில் குடியேறியபின் பரங்கிக்காயைக் குடைந்தனர். அந்த நவம்பர் 2 தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புதியதன்று. கல்லறைத் திருநாள் என்ற பெயரில் அன்று கல்லறைகளைத் தூய்மை செய்து மலரிட்டு மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். வேடமிடும் வழக்கமும் புதியதன்று. மகா சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூரிலும், வட தமிழகத்தின் பல ஊர்களிலும், சென்னையிலும் நடைபெறும் மயானக் கொள்ளையில் அங்காளம்மனாக முகத்தில் வண்ணம் தீட்டி, மண்டையோட்டு மாலை பூண்டு, சுடுகாட்டை நோக்கி ஆடிச் செல்லும் அடியாரைக் கண்டவர்க்கு எலும்புக்கூடு வரைந்த சட்டை சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றும்.

பழந்தமிழில் காடு என்ற சொல்லுக்குச் சுடுகாடு என்ற பொருளும் உண்டு. புறங்காடு, ஈமக்காடு, முதுகாடு என அது பல பெயர்களில் வழங்கியது. (காட்டுப்பாக்கத்தார் அஞ்ச வேண்டா, அவ்வூர்ப் பெயருக்கு இப்பொருளை ஏற்றச் சான்றில்லை.) அந்தக் காட்டில் பேய்க்குப் புலவர் தந்த இடம் வியப்பானது. போர்க்களத்தில் புண்பட்டு வீழ்ந்த வீரனைப் பேய் காத்து நிற்பதைத் தொல்காப்பியர் காஞ்சித் திணையின் ஒரு துறையாகவே வகுத்தார். மணிமேகலையில் சார்ங்கலன் என்ற இளைஞன் புகார் நகரத்துச் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் பேயின் ஆட்டத்தைக் கண்ட அச்சத்தாலேயே உயிர்விடுகிறான். அவனுடைய தாய் கோதமை தெய்வத்தினிடம் மகனுயிரைக் கேட்டு மன்றாடுகிறாள். அச்சத்தில் தொடங்கி அழுகையில் போய் முடியும் அந்தப் போக்கு, பின்வந்த பேய்க்கதைகளிலும் தொடர்ந்தது.

காட்டுப்பாக்கத்திலிருந்து மேற்கே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் தமிழ்ப் பேய்களின் தலைநகரமே இருக்கிறது. அது திருவாலங்காடு. அருகிலேயே பழையனூர். 1856இல் தென்னகத்தின் முதல் இருப்புப்பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை போடப்பட்டபோது, அது ஆவடி, திருவள்ளூர் வழியாக இந்த ஆலங்காட்டின் ஓரமாகவே சென்றது. நடராசர் ஆடும் ஐந்து சபைகளுள் இரத்தின சபை இங்குள்ளது. இந்த ஒரே மண்ணில் இரண்டு பெண்கள் பேயாக உலவினர். ஒருத்தி வேண்டிப் பேயானவள். மற்றவள் கொல்லப்பட்டுப் பேயானவள்.

வேண்டிப் பேயானவர் காரைக்கால் அம்மையார். கணவன் தம்மைத் தெய்வமென்று அஞ்சி விலகியபின், அவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கென்று உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார். தலையால் நடந்து கயிலை சென்ற அவரை இறைவன் அம்மையே என்று அழைத்ததும், அவர் ஆலங்காட்டில் ஆடலைக் கண்டு பாடியிருந்ததும் பெரியபுராணம் கூறும் செய்திகள். அப்புராணத்தைப் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூர் காட்டுப்பாக்கத்துக்கு அண்மையில், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தம் பாடல்களில் தம்மைப் பேயென்றே அம்மையார் பெயரிட்டுக் கொண்டார். கள்ளியும் வாகையும் கரிந்த காட்டில், நரியும் பேயும் சூழ ஆடும் இறைவனைக் கண்டு அவர் பாடிய பதிகங்களில் அச்சம் சிறிதும் இல்லை. சுடுகாட்டைத் தம் வீடாகவே கொண்டவரின் அமைதி அவற்றில் உண்டு. தமிழில் பேய்ச்சுவையைத் தன் சுவையாக ஏற்ற முதல் கவிஞர் ஒரு பெண் என்பதை இலக்கிய வரலாறு எழுதியோர் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ஆலங்காட்டின் பக்கம் வந்தபோது, அம்மையார் தலையால் நடந்த நிலத்தைக் காலால் மிதிக்க அஞ்சி ஊருக்கு வெளியே தங்கினார் என்பர் சேக்கிழார். இறைவன் கனவில் வந்து, எம்மைப் பாட மறந்தாயோ என்று கேட்க, ஒரு பதிகம் பிறந்தது. அப்பதிகத்தில்தான் மற்றொருத்தி வருகிறாள். வஞ்சத்தால் உயிர் கொண்ட ஒருத்தியையும், அதைக் கேட்டு அஞ்சும் பழையனூரையும் சம்பந்தர் குறிப்பிடுகிறார். பெயர் சொல்லவில்லை. கேட்டோர்க்குப் பெயர் சொல்லவேண்டிய தேவை இருந்திராது.

வழக்கிலுள்ள கதை இது. முற்பிறவியில் காஞ்சிப் பக்கத்து அந்தணன் ஒருவன் முன்பே மணமானதை மறைத்துக் காசியில் ஒரு பெண்ணை மணந்தான். அவளை அழைத்து வரும் வழியில், உண்மை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, ஆலங்காட்டில் அவளைக் கொன்றான். அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் பிறந்தான். அவள் நீலி என்னும் பேயானாள். பேயால் சாவு நேரும் என்று சோதிடர் சொல்லக் கேட்டு, காவலுக்கு மந்திரித்த வாளொன்றை அவன் எப்போதும் கையில் வைத்திருந்தான். அவன் பழையனூர் வந்தபோது நீலி மனைவி வேடம் பூண்டு, ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வேளாளர் அவைமுன் அழுது நின்றாள். கணவன் என்னைக் கைவிடுகிறான் என்றாள். குழந்தை அவனை அப்பா என்றது. அவன் இவள் பேயென்று அலறினான். அவையிலிருந்த எழுபது வேளாளர் அவள் கண்ணீரை நம்பினர். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தாங்கள் எழுபது பேரும் உயிர் விடுவதாக வாக்களித்து, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் தங்கச் செய்தனர். காலையில் அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினர்.

இதைவிட இறுக்கமான பேய்க்கதை எந்த நாட்டிலும் அரிது. பூட்டிய அறை, பறிக்கப்பட்ட வாள், உண்மை சொல்பவனை ஒருவரும் நம்பாமை: இன்றைய பேய்ப்படக்காரர் கையாளும் கருவிகள் எல்லாம் இதில் இருக்கின்றன. அவற்றினும் அரியது, அந்த அவையில் நடந்த வழக்கு. கணவன் சொல்வது உண்மை, அவள் பேய்தான். அவள் சொல்வதும் உண்மை. அவன் அவளைக் கைவிட்டவன்தான், ஒரு பிறவிக்கு முன்னே. அவையோர் கண்ட சான்று பொய். வழங்கிய தீர்ப்பில் ஒரு நீதி இருந்தது. அதன் விலையைத்தான் குற்றமற்ற எழுபது பேர் கொடுத்தனர்.

ஊர் நினைவு எவரைத் தேர்ந்தது என்பதே இங்கு வரலாற்றுச் செய்தி. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் சேக்கிழார் புராணத்தில் வேளாளர் பெருமை கூறுமிடத்து, சொன்ன சொல் தவறாது தீப்புகுந்த இந்த எழுபதின்மரைப் போற்றினார். அவர்கள் தீப்பாய்ந்த இடத்தில் நினைவு மண்டபமும் உண்டு. அவர்களுக்கு அது தகும். ஆனால் நீலிக்குக் கிடைத்ததோ ஒரு மரபுத்தொடர். பொய்யழுகைக்கு நீலிக்கண்ணீர் என்று பெயர். கொலையுண்ட ஒருத்தி, தன்னைக் கொன்றவன் முன் நின்று அழுத கண்ணீரே மொழியில் பொய்க்கண்ணீருக்கு இலக்கணமாயிற்று. அழுகின்ற பெண்ணை நோக்கி அத்தொடரை வீசுவோர் பலரும் கதையின் முதற்பாதியை அறிந்திருப்பதில்லை.

நீலிக்கு வாய் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் சமணர், பெயர் தெரியவில்லை. பத்தாம் நூற்றாண்டினது என்று கருதப்படும் அவருடைய நூல் நீலகேசி. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று. 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரால் பதிப்பிக்கப்பெற்றது. பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் தவமிருக்கும் முனிச்சந்திரர், காளிக்கு உயிர்ப்பலி வேண்டா, மண்ணாற் செய்த உருவங்களைப் படைத்தாலே போதும் என்கிறார். பலியிழந்த தெய்வம் அவரை விரட்டப் பழையனூர் நீலியின் உதவியை நாடுகிறது. நீலி அச்சுறுத்திப் பார்க்கிறாள், முனிவர் அசையவில்லை. அரசிளங்குமரி வடிவில் மயக்கிப் பார்க்கிறாள், அதுவும் பலிக்கவில்லை. தோற்ற பேய் அவரிடமே அறங்கேட்டு, கொல்லாமையை ஏற்று, நாடெங்கும் சென்று பிற சமயத்தாரோடு வாதிடுகிறது. அச்சுறுத்த வந்த பேய் தருக்க ஆசிரியை ஆகிறது. இப்படியொரு திருப்பத்தை இன்றைய திரைக்கதை ஆசிரியர் எவரும் துணிந்து எழுதமாட்டார்.

அவள் முதலில் வாதில் வெல்வது பௌத்தத் துறவி குண்டலகேசியை. தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்ல முயன்ற கணவனைத் தானே தள்ளிக் கொன்றவள் அவள். அவளைப் பற்றிய காப்பியம் பெரும்பகுதி அழிந்தது. அக்கதை இன்று தெரிவதற்கு நீலகேசி உரையும் ஒரு காரணம். ஊர்க்கதையையும் காப்பியத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கணவன் கையால் கொலைக்கு இலக்கான இருவர் எதிரெதிரே அமர்ந்து உயிரைப் பற்றியும் வினையைப் பற்றியும் விவாதிக்கும் காட்சி அது. நூலின் பத்துச் சருக்கங்களில் கடைசியானது பூதவாதம். உடலுக்கு அப்பால் உயிர் என்று ஒன்றில்லை என்போனை அதில் அவள் மறுக்கிறாள். அவ்வழக்கில் பேயைவிடத் தகுந்த வழக்குரைஞர் கிடைப்பது அரிது.

பேயைச் சிரிப்புக்குரியதாக்கியவர் செயங்கொண்டார். முதற்குலோத்துங்கன் காலக் கலிங்கத்துப்பரணியில் காடு பாடியது என்றே ஒரு பகுதி உண்டு. பசியால் வாடிய பேய்கள் காளியிடம் முறையிடுவதும், கலிங்கக் களத்தில் கூழ் சமைப்பதும், பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று வகைபார்த்துப் பரிமாறுவதும் அந்நூலின் நகைச்சுவை. பிற்காலத்தில் புதுமைப்பித்தன் 1943இல் வெளிவந்த 'காஞ்சனை'யில் பேயை நடுத்தர வீட்டுச் சமையலறைக்கே வேலைக்காரியாக அழைத்து வந்தார்.

நீலியோ நடந்துகொண்டே இருந்தாள். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் ஊர்ப்பெயர் மாறிப் பாடப்பட்டாள். கேரளத்தில் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியானாள். 2025இல் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளப் படம் அவளை மீளப் புனைந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. 2005இன் 'சந்திரமுகி'யும், நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை பேயாக வரும் 2011இன் 'காஞ்சனா'வும் அவள் வழியினரே. அநீதி இழைக்கப்பட்டவர் உயிரோடு பெறாத நீதியைப் பேயாகி வந்து கேட்பது இவற்றின் பொதுக்கதை. அரங்கில் கூச்சலிட்டுக் களிக்கும் இளைஞர், பழையனூர் அவையின் வழக்கையே மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

அக்டோபர் 31இல் டிராகுலாவாகவும் சூனியக்காரியாகவும் வேடமிடும் காட்டுப்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்வோர் வேண்டும். ஆவடியில் அரக்கோணம் வண்டி ஏறினால், கருவுற்ற பெண்ணாய்ப் படுத்த கோலத்தில் அங்காளம்மன் புற்றுருவாய் இருக்கும் புட்லூர் முதலில் வரும். பிறகு திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர். அடுத்து இறங்க வேண்டியது திருவாலங்காடு.