நாரிநோவும் நாம் கொடுக்கும் விலையும்

நாரிநோ மனித குலத்தின் பழைய துணை. ஆயின், அதனை வெட்டி அகற்றலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது 1934ஆம் ஆண்டின் பின்னரே. அவ்வாண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியர்களான மிக்ஸ்ரர், பார் என்னும் இருவரும், முள்ளந்தண்டு என்புகளின் இடையிலுள்ள தட்டுப் பிதுங்கி நரம்பை நெருக்குவதை எடுத்துக்காட்டினர். காலுக்கு இறங்கும் நோவினால் வருந்திய சிலருக்குச் சத்திரசிகிச்சை வரமாயிற்று. நாரி நொந்தோர் அனைவர்க்கும் அதுவே காரணம் எனக் கொண்டமைதான் தவறாயிற்று.

1994இல் அந்நாட்டு ஆய்வாளர், நாரிநோ இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்தனர். பாதிப்பேருக்கு மேல் தட்டுப் பிதுக்கம் இருந்தது! 1995இல் பின்லாந்து நாட்டு ஆய்வொன்று, படுக்கையிற் கிடந்தோரிலும் இயன்றவரை அன்றாட அலுவல் பார்த்தோரே விரைவிற் குணமடைந்தனர் எனக் காட்டியது.

ஆயினும் படமும் ஊசியும் சத்திரசிகிச்சையும் பெருகின. 1997 முதல் 2005 வரை, அமெரிக்காவில் முள்ளந்தண்டு நோயுடையோரின் வைத்தியச் செலவு, விலைவாசி உயர்வைக் கழித்துக் கணித்தும், 65 சதவீதம் ஏறியது. அவர்தம் உடல்நிலையோ மேம்படவில்லை.

சிறுநீர் தடைப்படினும், கால் வலுவிழப்பினும் உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். ஏனைய நாரிநோ பெரும்பாலும் சில வாரங்களில் தணிவது. ஆதலின், மனையாளின் காப்பை அடகுவைக்க நடக்குமுன், சற்றே வீதியில் நடந்து பாருங்கள்.