கச்சான் காற்றும் குளிர்ப்பொறியும்

இலங்கையின் கீழ்கரையிலே, கோணேசர் கோயில் கொண்டுள்ள மலைமுனையை அடுத்து விரிந்து கிடக்கும் திருக்கோணமலைத் துறைமுகம், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. அதனை வேண்டிப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் பொருத வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆயின், அந்நியரும் ஊர்மக்களும் ஒருங்கே எதிர்கொண்ட பகை ஒன்று உண்டு. அதுவே வெப்பம். அப்பகையோடு மனிதர் செய்துகொண்ட உடன்படிக்கைகளின் கதை அரிதாகவே பேசப்படுகின்றது.

வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று இத்தீவின்மேல் வீசுகின்றது. மேற்கு மலைச்சாரலில் மழையைச் சொரிந்துவிட்டு, ஈரம் நீங்கியதாய் மலைகளைக் கடந்து, கீழிறங்குந்தோறும் அழுத்தத்தினால் வெம்மை மிகுந்து, அது கீழ்கரையை அடைகின்றது. இதனையே அப்பகுதி மக்கள் கச்சான் என்பர். கொழும்பு நனையும் அதே மாதங்களில் திருக்கோணமலை வறள்கின்றது. பகல்வெப்பம் 35 பாகை செல்சியசை எட்டும் நாட்கள் பல. பிரடரிக் கோட்டையில் திரியும் மான்களும் நண்பகலில் மரநிழலை நாடி ஒதுங்குகின்றன. பாலைவனமாயின், பகல் எரித்தாலும் இரவு குளிரும். கடலோரத்து ஊருக்கோ அந்த ஆறுதலும் குறைவு.

இவ்வெம்மைக்கு முன்னோர் கண்ட மருந்து வீடேயாகும். பருவத்திற்கேற்ற உறையுள் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என இருவகை மனைப்பகுதிகளைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. ஈழத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் சூடேறிய காற்றை மேலே போக்கியது. கிடுகு வேய்ந்த கூரை வெயிலைத் தடுத்தது; மண்சுவரும் சாணம் மெழுகிய தரையும் உள்ளிடத்தைத் தணிவாக வைத்தன. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் அகன்ற விறாந்தையும் அமைத்து இதே பாடத்தைத் தம் வழியிற் பயின்றனர். அவர்தம் அறைகளில் கூரையினின்று தொங்கிய பங்காவைக் கயிறு பற்றி இழுத்தவனும் ஒரு மனிதனே. ஒருவன் குளிர்ச்சி பெற மற்றொருவன் வியர்க்கவேண்டும் என்னும் நியதி அங்கே கண்கூடாயிற்று.

தமிழகத்திலும் வட இந்தியாவிலும் வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்து, அதனூடே வரும் காற்றைக் குளிரச் செய்தனர். நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் என்பதே அதன் சூட்சுமம். வறண்ட காற்றில் இம்முறை நன்கு பலிக்கும். காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் பலிக்காது. 1833இல் பிரடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், பாஸ்டன் நகரிலிருந்து 180 தொன் பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு திங்கட் பயணத்தின் பின்னும் ஏறத்தாழ 100 தொன் கரையாது எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டி சேமிக்க எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டிடமே, 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய சிறப்பினால், இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகின்றது.

குளிரைப் பொறியினால் ஆக்க முயன்றவர்களுள் ஒருவர் ஜான் கோரி என்னும் மருத்துவர். புளோரிடாவின் அப்பலாச்சிகோலா, திருக்கோணமலையைப் போலவே காய்ச்சல் மலிந்த துறைமுகம். அங்கே நோயாளிகளின் அறையைக் குளிரச் செய்யவேண்டி அவர் பனிக்கட்டிப் பொறி ஒன்றை அமைத்து, 1851இல் காப்புரிமையும் பெற்றார். ஆதரிப்பாரின்றி 1855இல் வறுமையில் மாண்டார். நோயாளிக்காக எழுந்த முயற்சி அவ்வாறு வீழ, வணிகத்துக்காகவும் போருக்காகவும் எழுந்தவை தழைத்தன. 1882இல் டனடின் என்னும் கப்பல் நியூசிலாந்து இறைச்சியை உறைநிலையில் இலண்டனுக்குக் கொண்டு சேர்த்தது. வெம்மையால் வெடிமருந்து கெட்டு வெடித்தல் கூடாதென்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பல்களின் மருந்தறைகளுக்குக் குளிர்ப்பொறிகள் பொருத்தப்பட்டன. 1902இல் வில்லிஸ் கரியர் புரூக்ளின் நகரத்து அச்சகமொன்றிற்கு வகுத்த பொறியும், ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்காதிருத்தற்கே. இறைச்சிக்கும் மருந்துக்கும் காகிதத்துக்கும் கிட்டிய குளிர்ச்சி, சாதாரண மனிதனின் வீட்டை எட்ட மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

அதற்குக் குறுக்கே நின்றது குளிர்ப்பொறியினுள் ஓடிய வாயுவாகும். அம்மோனியாவும் கந்தகவீரொட்சைட்டும் கசிந்தால் உயிர்க்கு ஊறு நேரும். 1928இல் தோமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் நஞ்சற்ற, தீப்பற்றாத புதிய வாயுவினத்தைக் கண்டனர். அவ்வினத்தைச் சேர்ந்த ஆர்-22 என்னும் வாயுவே பின்னர் வீட்டுக் குளிர்ப்பொறிகளின் உயிராயிற்று. ஆயின் 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர், இவ்வினத்து வாயுக்களிலுள்ள குளோரின் வானின் ஓசோன் படலத்தை அழிக்குமெனக் காட்டினர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது.

இதற்கிடையில் திருக்கோணமலையும் மாறியது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சைக் கண்ட அத்துறைமுகம், 1957இல் பிரித்தானியக் கடற்படையிடமிருந்து இலங்கையின் கைக்கு வந்தது. 1970களின் பிற்பகுதி முதல் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து பலர் பொருளீட்டப் பாலைநில நாடுகளுக்குச் சென்றனர். கதவு சாத்திய அறையினுள் பொறி தரும் குளிரை அவர்களுட் பலர் அங்கேதான் அறிந்தனர். போரினாலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையினாலும் அழிந்த வீடுகளின் இடத்தில் சீமெந்துக் கல்லும் தகரமும் அஸ்பெஸ்டசும் ஏறின. கிடுகும் முற்றமும் மறைந்தன. வீடு செய்துவந்த தொழிலைப் பொறி ஏற்க நேர்ந்தது.

அப்பொறியும் முதுமை எய்துகின்றது. கடற்காற்றின் உப்பு, வெளியே வைத்த பகுதியின் அலுமினியத் தகடுகளை அரிக்கின்றது. குழாய் துளைபட்டு வாயு கசிகின்றது. முதியவரோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் கச்சான் மாதத்தில் பொறி நின்றுவிடின், அது சிறு துன்பமன்று. பழையதில் மீண்டும் வாயு ஏற்றுவதா, புதியது வாங்குவதா என்னும் வினா எழுகின்றது. துளையை அடைக்காது ஏற்றும் வாயு மறுபடியும் வானுக்கே செல்லும். வளர்முக நாடுகள் 2030ஆம் ஆண்டளவில், பழுதுபார்ப்புக்குரிய சிறு விலக்குத் தவிர, ஆர்-22ஐக் கைவிடவேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. புதிய ஆர்-32 வாயுவைப் பழைய பொறியில் ஊற்றுதலும் இயலாது; அதன் அழுத்தமும் வேண்டிய எண்ணெயும் வேறு. ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும், நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவினும் ஏறத்தாழ 675 மடங்கு புவியைச் சூடேற்ற வல்லது. ஆர்-22 ஏறத்தாழ 1,800 மடங்கு. எனவே, பழைய பொறியைக் கழற்றுவோர் அதிலுள்ள வாயுவை வெளியே விடாது கலத்திற் சேகரித்தல் கடமையாகும்.

மின்சாரத்தின் கதையும் இதனோடு பின்னியதே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றபொழுது, குளிர்ப்பொறி சுவரில் தொங்கும் வெறும் பெட்டியாயிற்று. அந்நாட்களில் உதவியவை திறந்த பலகணியும் வேப்ப மர நிழலுமே. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரில் நிலக்கரியால் மின்னாக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது; 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்கவிழா நிகழ்ந்தது. சுடுகின்ற கதிரவனையே குளிர் தரச் செய்யும் முயற்சி இது.

ஆயினும், பொறியை மாற்றுவோர் அத்துடன் நின்றுவிடலாகாது. கூரையின் கீழ் ஒரு தட்டு, மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம், முற்றத்தில் ஒரு மரம் ஆகிய இவை அமைந்த வீட்டிற்குச் சிறிய பொறியே போதும். அதுவும் சில மணிநேரமே ஓடும். முன்னோர் வீட்டைக் கொண்டே கச்சானைத் தணித்தனர். இன்று வீடும் பொறியும் அச்சுமையைப் பகிர்ந்துகொள்ளுமாயின், குடும்பத்தின் செலவும் குறையும். வானுக்குச் செய்யும் கேடும் குறையும்.