பிறவிக் கேளாமையும் உட்காதின் அமைப்புக் குறையும்

கூப்பிட்டும் குழந்தை திரும்பாவிட்டால், ‘போகப்போகச் சரியாகும்’ என்று நாம் காத்திருந்துவிடுகிறோம். பிறவியிலேயே நரம்புவகைக் கேளாமை உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்கு உட்காது எலும்பின் அமைப்பிலேயே குறை இருப்பது ஸ்கேனில் தெரிகிறது.

நத்தைக்கூடு போன்ற காக்ளியா, இரண்டரைச் சுற்றுக்குப் பதில் ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிடும் குறையை 1791இல் இத்தாலிய மருத்துவர் கார்லோ மொண்டினி விவரித்தார். இத்தகைய குழந்தைகள் பலருக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் பலன் தரும். உட்காதே உருவாகாதவர்களுக்கு அது பொருந்தாது. ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன் ஸ்கேன் அவசியம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்டோருக்கு இச்சிகிச்சை இலவசம். கொல்லிமலை வாசலூர்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு இறங்குவது சிரமம்தான். ஆனாலும் 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்ற கணக்கைப் பெற்றோர் தவறவிடக் கூடாது.